டி செல்லைத் தூண்டுகிறது என்றால், எந்த ஏற்பி வழியாக?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுக்களில் ஒரு வகையான டி செல்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். பாடப்புத்தகத்திலேயே பலரைத் திணறடிக்கும் பகுதியைப் பொது வாசகருக்குக் கொண்டுவந்ததற்குப் பாராட்டு. ஆனால், கிருமியின் துண்டு டி செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பி என்ற புரதத்தில் வந்து பொருந்தியதும் பூட்டில் சாவி திரும்பியதுபோல் செல் விழித்துக்கொள்கிறது என்று கட்டுரை முடித்துவிட்டது. அதை ஒட்டியே, ஏதோ ஒரு தாவரச் சாறு ஆய்வகத்தில் டி செல்களைத் தூண்டியதாக ஒரு பெட்டிச் செய்தி. இரண்டையும் சேர்த்துப் படிப்பவர் டி செல்லைத் தூண்டுவது எளிது, தூண்டினால் நல்லது என்றுதான் எடுத்துக்கொள்வார். இரண்டுமே சரியில்லை. அதைச் சற்று விரிவாக எழுத இடம் தர வேண்டுகிறோம்.

டி செல் ஏற்பி என்று ஒருமையில் சொன்னாலும் அது எட்டுப் புரதச் சங்கிலிகளின் கூட்டு. ஆல்பா, பீட்டா என்ற இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆன்டிஜெனை, அதாவது டி செல் தேடும் அந்தத் துண்டை, அடையாளம் காண்பவை இவைதான். ஆனால் இவற்றுக்குச் செல்லின் உள்ளே இருக்கும் வால் மிகக் குட்டை. உள்ளே சேதி சொல்ல அதனால் ஆகாது. அந்த வேலையைச் செய்வது கூடவே ஒட்டியிருக்கும் சிடி3 கூட்டம்: காமா ஒன்று, டெல்டா ஒன்று, எப்சிலான் இரண்டு, ஸீட்டா இரண்டு. இந்த ஆறு வால்களிலும் சேர்த்து ‘ஐடாம்’ எனப்படும் பகுதிகள் பத்து இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் டைரோசின் என்ற அமினோ அமிலம் இரண்டு. அந்த இருபது டைரோசின்களில் பாஸ்பேட் ஏறத் தொடங்குவதுதான் செல்லுக்குள் எழும் முதல் சேதி.

இந்த ஏற்பி முழுக் கிருமியைப் பார்ப்பதில்லை. இன்னொரு செல் கிருமியின் புரதத்தை நறுக்கி, அதில் ஒரு துண்டைத் தன் மேற்பரப்பில் உள்ள எச்எல்ஏ என்ற புரதத்தின் பள்ளத்தில் வைத்துக் காட்ட வேண்டும். முதல் வகை எச்எல்ஏ பெரும்பாலும் 8 முதல் 10 அமினோ அமிலம் நீளமுள்ள துண்டைக் காட்டும். அதற்குத் துணை நிற்பது டி செல்லின் மேலுள்ள சிடி8 என்ற புரதம். இரண்டாம் வகை 13 முதல் 25 வரை நீளமானதைக் காட்டும், அங்கே சிடி4. துண்டு, அதைத் தாங்கும் புரதம் இரண்டையும் சேர்த்துத்தான் டி செல் பார்க்கிறது என்பதை ரோல்ஃப் ஸிங்கர்நாகலும் பீட்டர் டொஹர்டியும் 1974-இல் காட்டினார்கள். 1996-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது.

சாவி உவமை இடறுவது இங்கேதான். பூட்டில் சாவி கச்சிதமாக உட்காரும். டி செல் ஏற்பி தன் துண்டோடு ஒட்டுவதோ மிகத் தளர்வாக. எதிர்ப்பொருள்கள் (கிருமியைப் பிடிக்கும் ரத்தப் புரதங்கள்) பொதுவாக நானோமோலார் அளவில் பிடிக்கின்றன; இது 1 முதல் 100 மைக்ரோமோலார் வரை (அளவு கூடினால் பிடி தளர்வு). ஆயிரம் மடங்கும் அதற்கு மேலும் தளர்வு. பிடித்தால் சில விநாடிகளில் விட்டுவிடும். இதைக் குறை என்று நினைக்க வேண்டாம். நம் சொந்தப் புரதங்களின் துண்டுகளும் அதே எச்எல்ஏ பள்ளங்களில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றை ஏற்பி இன்னும் குறைந்த நேரமே பிடிக்கும். ஐடாம்களில் பாஸ்பேட் ஏறுவது, அங்கே ஸாப்-70 என்ற நொதி வந்து அமர்வது, அது முடுக்கப்படுவது என ஒவ்வொரு படிக்கும் நேரம் வேண்டும். படிகள் முடியுமுன் துண்டு நழுவினால் ஏறிய பாஸ்பேட் இறங்கிவிடும், கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து. இப்படித்தான் அந்நியத் துண்டு ஒரு சில மட்டுமே இருந்தாலும் டி செல் கண்டுகொள்கிறது. சொந்தத் துண்டுகள் ஆயிரம் இருந்தாலும் கடந்து போகிறது.

பாஸ்பேட் ஏற்றுவது எல்சிகே என்ற நொதி. சிடி4, சிடி8 ஆகியவற்றின் உள்வாலோடு அது ஒட்டியிருப்பதால், அவை எச்எல்ஏவைப் பிடிக்கும்போது நொதியும் ஐடாம்களின் பக்கத்துக்கு வந்துவிடுகிறது. அதற்கு எதிராகப் பாஸ்பேட்டை அகற்றிக்கொண்டே இருப்பது சிடி45. டி செல்லின் மேற்பரப்பில் மிக மிகுதியாக உள்ள புரதங்களில் ஒன்று. வெளியே நீளமாக நிற்பது. டி செல் ஏற்பியும் எச்எல்ஏவும் பிடித்துக்கொள்ளும் இடத்தில் இரு செல்களின் சவ்வுகளுக்கும் இடைவெளி சுமார் 15 நானோமீட்டர்தான். சிடி2, சிடி58 ஜோடியும் ஏறக்குறைய அதே இடைவெளியில் சவ்வுகளை இழுத்துப் பிடிக்கிறது. நீளமான சிடி45 அந்த இடுக்கில் நிற்க முடியாமல் வெளியே தள்ளப்படுகிறது. பாஸ்பேட்டை எடுப்பவர் விலகிய இடத்தில் ஏற்றுபவரின் கை ஓங்குகிறது. ஏற்பி எதைப் பிடித்தது என்பதோடு, பிடித்த இடத்தில் சவ்வுகள் எவ்வளவு நெருங்கின என்பதும் சேதியின் பகுதி. இதை ஆய்வு மாணவர்களே பலர் கவனிப்பதில்லை.

மீதிச் சங்கிலியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸாப்-70, லாட் என்ற தாங்கு புரதத்தில் பாஸ்பேட் ஏற்றும். அங்கிருந்து வழி பிரியும். ஒரு வழியில் செல்லுக்குள் சேமிப்பில் உள்ள கால்சியம் வெளியேறும், சேமிப்பு காலியானதும் சவ்வில் ஓராய்1 என்ற வாயில் திறந்து வெளிக் கால்சியமும் உள்ளே வரும். கால்சியம் ஏறினால் கால்சிநியூரின் என்ற நொதி வேலை செய்யும், அது என்ஃபாட் என்ற புரதத்தை உட்கருவுக்குள் அனுப்பும். மற்ற வழிகளில் என்எஃப்-கப்பா-பி, ஏபி-1 என்ற புரதங்கள் வந்து சேரும். இவையெல்லாம் கூடினால்தான், டி செல்லைப் பெருகவைக்கும் இன்டர்லூகின்-2 என்ற புரதத்தின் மரபணு சரியாகத் திறக்கும். உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் இரண்டும் கால்சிநியூரினைத்தான் அடக்குகின்றன.

இவ்வளவும் நடந்தும் பெரும்பாலான நேரம் புதிய டி செல் பெருகாது. இரண்டாவது சேதி வேண்டும். சிடி28 என்ற இன்னொரு ஏற்பி, எதிரே உள்ள செல்லில் சிடி80 அல்லது சிடி86-ஐப் பிடிக்க வேண்டும். பிடித்தால் இன்டர்லூகின்-2 ஏராளமாகச் சுரக்கும், செல் உயிர் பிழைப்பதற்கான புரதங்கள் கூடும். பிடிக்காவிட்டால்? செல் சும்மா இருந்துவிடும் என்று நினைப்போம். நடப்பது வேறு. முதல் சேதி மட்டும் கிடைத்த டி செல் மரத்துப்போகிறது. பின்னர் இரண்டு சேதியும் சரியாகக் கிடைத்தாலும் எளிதில் எழுவதில்லை. மார்க் ஜென்கின்ஸ், ரொனால்ட் ஷ்வார்ட்ஸ் இருவரும் 1987-இல் எலியின் டி செல்களில் இதைக் காட்டினார்கள்: ஆன்டிஜெனைக் காட்டும் செல்களை, இரண்டாவது சேதி தர முடியாதபடி வேதிப்பொருளால் நிலைப்படுத்திக் கொடுத்தபோது டி செல்கள் பெருகாததோடு மறுமுறையும் மௌனமாகவே இருந்தன.

சிடி80, சிடி86 இரண்டும் எல்லாச் செல்லிலும் இருப்பதில்லை. தோல் செல்லோ கல்லீரல் செல்லோ தன் புரதத்தை எச்எல்ஏவில் காட்டும். இந்த இரண்டும் அதனிடம் இருக்காது. ஆன்டிஜெனைக் காட்டுவதையே வேலையாகக் கொண்ட டென்ட்ரைட்டிக் செல், கிருமியின் தடயத்தைத் தன் வேறு ஏற்பிகளால் உணர்ந்தால் மட்டுமே இவற்றை நிறைய மேலே கொண்டுவரும். அதாவது ‘இது அந்நியம்’ என்பது முதல் சேதி, ‘இங்கே ஆபத்து இருக்கிறது’ என்பது இரண்டாவது. தடுப்பூசியில் சுத்தமான புரதத்தை மட்டும் போட்டால் பெரும்பாலும் போதாமல் துணைப்பொருள் சேர்ப்பதற்கான முக்கியக் காரணமும் இதுவே.

தூண்டப்பட்ட செல்லிலேயே தடையும் கிளம்புகிறது. சிடிஎல்ஏ-4 என்ற ஏற்பி அதே சிடி80, சிடி86-ஐ சிடி28-ஐவிடப் பல மடங்கு இறுக்கமாகப் பிடித்து, எதிர்ச் செல்லிலிருந்தே உருவிக்கொண்டும் வந்துவிடும். இந்த மரபணு இல்லாத எலிகள் பிறந்து மூன்று, நான்கு வாரங்களில் உறுப்பெங்கும் டி செல் பெருகி இறக்கின்றன. பிடி-1 என்பது மற்றொரு தடை. ஷிப்-2 என்ற நொதியை வரவழைத்துப் பாஸ்பேட்டை அகற்றச் செய்கிறது. டி செல் ஏற்பியைவிட சிடி28-இன் வாலே அதன் முதன்மை இலக்கு என்று 2017-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. இந்தத் தடைகளை விலக்கிப் புற்றுநோயைத் தாக்கலாம் என்ற வழியைத் திறந்ததற்காக ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுகு ஹோஞ்ஜோவுக்கும் 2018-இல் நோபல் பரிசு தரப்பட்டது. அந்த மருந்துகளின் பக்கவிளைவுப் பட்டியலில் பெருங்குடல் அழற்சி, தைராய்டு அழற்சி, அரிதாக இதயத்தசை அழற்சி எல்லாம் இருப்பது தற்செயல் அல்ல. தடை விலகினால் டி செல் புற்றை மட்டும் தாக்க வேண்டும் என்று யாரும் அதற்குச் சொல்லித்தரவில்லை.

தூண்டினால் நல்லது என்ற எண்ணத்துக்கு லண்டனில் 2006 மார்ச் 13-ஆம் தேதி கிடைத்த பதில் இன்னும் கடுமையானது. டிஜிஎன்1412 என்ற எதிர்ப்பொருள், முதல் சேதி இல்லாமலே சிடி28 வழியாக மட்டும் டி செல்லை எழுப்பக்கூடியது. ஆரோக்கியமான ஆறு ஆண்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் வீதம் அது நரம்பில் ஏற்றப்பட்டது. குரங்குகளில் பாதுகாப்பானது என்று கண்ட 50 மில்லிகிராமில் ஐந்நூறில் ஒரு பங்கு. ஒன்றரை மணி நேரத்துக்குள் தலைவலி, நடுக்கம், வாந்தி, ரத்த அழுத்தச் சரிவு. ஒருநாள் முடிவதற்குள் ஆறு பேருமே தீவிர சிகிச்சையில், பல உறுப்புகள் தடுமாறிய நிலையில். ரத்தத்தில் சைட்டோகைன்கள், அதாவது நோய் எதிர்ப்புச் செல்கள் சுரக்கும் சேதிப் புரதங்கள், கொட்டிக் கிடந்தன. அனைவரும் உயிர் பிழைத்தார்கள்.

முன்னோட்டச் சோதனைகள் ஏன் எச்சரிக்கவில்லை என்பதில்தான் எங்கள் துறைக்குப் பாடம் இருக்கிறது. சோதித்த குரங்கினத்தில், மனிதரிடம் சைட்டோகைனைக் கொட்டிய அதே வகை சிடி4 கொண்ட நினைவு டி செல்களின் மேல் சிடி28 இல்லை. அதனால் அங்கே அமைதி. ரத்தத்திலிருந்து பிரித்த மனித வெள்ளையணுக்களில் மருந்தைக் கரைசலாகக் கலந்து பார்த்தபோதும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அதே எதிர்ப்பொருளைப் பிளாஸ்டிக் குழித்தட்டின் அடியில் ஒட்டவைத்து அதன்மேல் செல்களைப் போட்டதும் சைட்டோகைன் பொங்கியது. ஏற்பிகள் ஓரிடத்தில் கூடி நெருங்கினால்தான் சேதி பிறக்கும். மிதக்கும் எதிர்ப்பொருள் அவற்றை அப்படிக் கூட்டவில்லை. பின்னர் செல்களை இரண்டு நாள் அடர்த்தியாக, ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு கோடி என்ற அளவில் வளர்த்துவிட்டுப் பார்த்தபோது கரைந்த மருந்தே போதுமானதாக இருந்தது. திசுக்களில் செல்கள் இருக்கும் நெருக்கத்தை ரத்த மாதிரி காட்டுவதில்லை. அந்த மருந்து முழுக்க ஒதுக்கப்படவும் இல்லை. ஆயிரத்தில் ஒரு பங்கு அளவிலிருந்து மறுபடி தொடங்கியபோது, அழற்சியை அடக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களையே அது முதன்மையாகத் தூண்டியது. ஏற்பியும் எதிர்ப்பொருளும் அவையே, அளவு மாறியதும் விளைவு தலைகீழ்.

இனி அந்தப் பெட்டிச் செய்தி. ஒரு சாறு டி செல்லைத் தூண்டியது என்றால் எதை, எப்படி அளந்தார்கள் என்று கேட்க வேண்டும். தாவர விதைகள் பலவற்றில் சர்க்கரைகளைப் பிடிக்கும் லெக்டின் என்ற புரதங்கள் உண்டு. சிவப்பு பீன்ஸ் விதையிலிருந்து எடுக்கும் பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற லெக்டின் லிம்போசைட்டுகளை (டி செல் உள்ளிட்ட வெள்ளையணு வகையை) பெருகவைக்கும் என்பதை பீட்டர் நோவெல் 1960-லேயே சொல்லிவிட்டார். செல் மேற்பரப்பின் சர்க்கரைகளைப் பிடித்து ஏற்பிகளைக் கண்மூடித்தனமாக ஒன்றுசேர்த்து அது சேதி எழுப்புகிறது. எந்தக் கிருமியையும் குறிவைப்பதில்லை. இதை நாங்கள் சோதனை ரசாயனமாக அன்றாடம் பயன்படுத்துகிறோம். ஆகவே குழித்தட்டில் டி செல் பெருகியது என்ற ஒரே தகவலால் நோய் எதிர்ப்பு கூடும் என்று சொல்ல முடியாது. சாறுகளில் எண்டோடாக்ஸின் என்ற பாக்டீரிய நச்சு கலந்திருப்பதும் சகஜம். மிகச் சிறிய அளவே மோனோசைட் என்ற வேறு வகை வெள்ளையணுக்களை எழுப்பி, அவை வழியாக டி செல்களையும் எழுப்பிவிடும். சாறு வேலை செய்தது என்று எழுதுமுன் லிமுலஸ் சோதனையில் எண்டோடாக்ஸின் அளவு பார்க்கப்பட்டதா என்பது முதல் கேள்வி.

ஒழுங்காகச் செய்யும் சோதனை இப்படி இருக்கும். உறையாமல் எடுத்த ரத்தத்தைச் சம அளவு பாஸ்பேட் உப்புக் கரைசலில் கலந்து, 1.077 அடர்த்தியுள்ள ஃபிக்கால் என்ற கரைசலின் மேல் மெதுவாக ஊற்றி, புவியீர்ப்பைப் போல் 400 மடங்கு விசையில் 30 நிமிடம் சுழற்ற வேண்டும். இயந்திரத்தின் பிரேக் அணைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் கிடைக்கும் வெள்ளை வளையம் கலங்கிவிடும். அதிலிருந்து டி செல்லைப் பிரிக்கும்போது, டி செல்லை விட்டுவிட்டு மற்றவற்றை நீக்கும் முறையே நல்லது. சிடி3-ஐப் பிடித்து இழுத்துப் பிரித்தால் பிரிக்கும்போதே பாதி தூண்டிவிட்டோம் என்று பொருள்.

96 குழித் தட்டில் சிடி3-க்கு எதிரான ஓகேடி3 எதிர்ப்பொருளை மில்லிலிட்டருக்கு 1 முதல் 5 மைக்ரோகிராம் வீதம் உப்புக் கரைசலில் கலந்து, 37 டிகிரியில் இரண்டு மணி நேரம் அல்லது 4 டிகிரியில் இரவு முழுக்க விட வேண்டும். சீரம் கலந்த ஊடகத்தில் கரைத்து ஊற்றுவது அடிக்கடி நடக்கும் தவறு: சீரம் புரதங்கள் பிளாஸ்டிக்கின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், எதிர்ப்பொருள் ஒட்டாது. கழுவிவிட்டு, குழிக்கு ஒரு லட்சம் செல். சிடி28 எதிர்ப்பொருள் மில்லிலிட்டருக்கு 1 முதல் 2 மைக்ரோகிராம், கரைசலாகவே. எதுவும் இல்லாத குழி, சிடி3 மட்டும், சிடி28 மட்டும், இரண்டும் என்று நான்கும் கட்டாயம். கூடவே பிஎம்ஏ, அயனோமைசின் கலந்த குழி ஒன்று. இந்த ஜோடி ஏற்பிகளைத் தாண்டி நேரே உள்ளே வேலை செய்வது. அதிலும் செல் எழவில்லை என்றால் செல்லிலேயே கோளாறு. அதில் மட்டும் எழுந்தால் ஒட்டவைத்த எதிர்ப்பொருளையோ ஏற்பியையோ சந்தேகிக்க வேண்டும்.

இரண்டும் போட்ட குழிக்கும் சிடி3 மட்டும் போட்ட குழிக்கும் வித்தியாசமே தெரியவில்லை என்று மாணவர்கள் வருவதுண்டு. செல்கள் சுத்தமாகப் பிரிக்கப்படாமல் இருந்தால், கூட உள்ள மோனோசைட்டும் பி செல்லும் சிடி80, சிடி86-ஐத் தாங்களே தந்துவிடும். அல்லது ஓகேடி3 அளவு மிஞ்சியிருக்கும். முதல் சேதி அளவுக்கு மீறி வலுவானால் இரண்டாவது சேதியின் தேவை மறைந்துபோகும். அளவைப் படிப்படியாகக் குறைத்துப் பார்த்தால் வித்தியாசம் வெளிவரும். மறுபக்கம், நன்கு பிரித்த டி செல்லில் ஓகேடி3-ஐக் கரைசலாகவே விட்டுவிட்டு ஒன்றும் நடக்கவில்லை என்பார்கள். அதைப் பிடித்து ஏற்பிகளைக் கூட்டிவைக்க அங்கே மோனோசைட்டின் எஃப்சி ஏற்பி இல்லை. டிஜிஎன்1412 சோதனையில் தவறிய இடத்தை நினைவூட்டும் பிழை இது.

அளக்கும் நேரமும் முக்கியம். தூண்டலைக் காட்டும் மேற்பரப்புப் புரதமான சிடி69 சில மணி நேரத்திலேயே மேலே வரும். இன்டர்லூகின்-2-ஐப் பிடிக்கும் ஏற்பியான சிடி25-ஐ ஒருநாள் கழித்துப் பார்க்க வேண்டும். பெருக்கத்தைக் காட்டும் சிஎஃப்எஸ்இ சாயம் மூன்றாம், நான்காம் நாளில்தான் அர்த்தம் தரும். இன்டர்லூகின்-2-ஐ மூன்றாம் நாள் அளந்துவிட்டுச் சுரக்கவில்லை என்று எழுதிய அறிக்கைகள் உண்டு. சுரந்ததைச் சிடி25 ஏறிய அந்தச் செல்களே குடித்துத் தீர்த்திருக்கும். 24 மணி நேரத்தில் அளக்க வேண்டியது அது. தூண்டிய செல்லில் சிடி3 குறைந்து தெரிவதும் இயல்புதான். ஏற்பிகள் உள்ளே இழுக்கப்பட்டிருக்கும், செல் காணாமல் போகவில்லை. இறந்த செல்கள் எந்த எதிர்ப்பொருளையும் ஒட்டவிடும். செல்களை ஒவ்வொன்றாக ஒளியால் அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில், உயிர்ப்புச் சாயம் இல்லாமல் எடுத்த படத்தை நாங்கள் நம்புவதில்லை.

டி செல்லில் செயற்கை ஏற்பியைப் பொருத்திப் புற்றைத் தாக்கவைக்கும் கார்-டி சிகிச்சை பற்றி உங்கள் கட்டுரை ஒரு வரியில் சொல்லியிருந்தது. அதிலும் இதே கதைதான். எதிர்ப்பொருளின் பிடிக்கும் பகுதியை சிடி3 ஸீட்டாவோடு மட்டும் இணைத்த முதல் தலைமுறை ஏற்பிகள் உடலில் நிலைக்கவில்லை. சிடி28 அல்லது அதைப் போலவே துணைச் சேதி தரும் 4-1பிபி-யின் வாலையும் சேர்த்த பிறகுதான் சிகிச்சையாக ஆனது. 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் இரண்டில் ஒன்று 4-1பிபி-யைக் கொண்டது, மற்றது சிடி28-ஐ. சிடி28 கொண்டவை வேகமாகக் கிளம்பும், 4-1பிபி கொண்டவை உடலில் அதிக காலம் தங்கும் என்பது பொதுவான அனுபவம்.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இது. டி செல்லைத் தூண்டும் மருந்து, சாறு, உணவு என்று எந்தச் செய்தி வந்தாலும், எந்த ஏற்பி வழியாக, பிரித்த செல்லிலா உயிருள்ள உடலிலா, எந்த அளவில், எத்தனை மணி நேரத்தில், எதனுடன் ஒப்பிட்டு என்று செய்தியாளர் கேட்டு எழுதட்டும். பதில் கிடைக்காத செய்தியை அறிவியல் பக்கத்தில் போடாமல் விளம்பரப் பக்கத்துக்கு அனுப்பிவிடலாம்.

இப்படிக்கு,
நோய் எதிர்ப்பியல் ஆய்வகங்களில் பணிபுரியும் வாசகர்கள் சிலர்